நீலாவதி வரைந்த தேத்தண்ணி

நீலாவதி அக்கா கம்ப்யூட்டரில் முதன்முதலாக வரைந்தது ஒரு பழுப்புக் கட்டம். வகுப்பில் மற்ற பெண்கள் எல்லோரும் வீடு வரைந்தார்கள். இரண்டு ஜன்னல், ஒரு கதவு, முக்கோணக் கூரை, மூலையில் மஞ்சள் சூரியன். அவர்களில் ஒருத்திகூட அப்படிப்பட்ட வீட்டில் குடியிருந்தது கிடையாது. எல்லோரும் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டத்து வரிசை வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவர்கள். ஆனால் கையில் வண்ணம் கிடைத்ததும் எங்கிருந்தோ அந்த முக்கோணக் கூரை வந்துவிடுகிறது. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். அதனால்தான் அந்தப் பழுப்புக் கட்டத்துக்கு முன்னால் நின்றேன்.

“என்னக்கா இது?”

“தேத்தண்ணி.”

“கிளாஸ் எங்க?”

“அதத்தான் டீச்சர் நானும் தேடுறேன். மொதல்ல கிளாஸ்தான் வரைஞ்சேன். தேத்தண்ணி ஊத்துனேன், கிளாஸக் காணோம்.”

கிளாஸ் எங்கும் போகவில்லை. அந்த புரோகிராமில் பிறகு வரைவது முன்னால் வரைந்ததன் மேல் உட்கார்ந்துகொள்ளும். கிளாஸை முன்னால் இழுத்து வைத்தேன். இப்போது தேத்தண்ணியைக் காணோம். “என்ன டீச்சர், ஒண்ணு இருந்தா ஒண்ணு இல்லேங்குது” என்று அவர் சலித்துக்கொண்டார். கிளாஸுக்கு உள்ளே வண்ணம் ஊற்றாமல் வெறும் கோடாக விட்டால் இரண்டும் தெரியும் என்று காட்டிக் கொடுத்தேன். அத்தோடு தீர்ந்தது என்று பார்த்தால், அவருக்கு நிறம் பிடிக்கவில்லை. பழுப்பு நிறம் அதில் தனியாகக் கிடையாது. ஆரஞ்சை எடுத்து இருட்டாக்கிக்கொண்டே போக வேண்டும். வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அவர் ஆரஞ்சை ஏற்றுவதும் இறக்குவதுமாக உட்கார்ந்திருந்தார்.

“இது தே ஓ மாதிரி இருக்கு. பால் ஊத்துனது வேணும்.”

“படம்தானேக்கா? யாரு குடிக்கப் போறா?”

“எங்க வீட்டுக்காரரு பாத்ததும் தெரிஞ்சுக்கணும்லா.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக ஆரஞ்சை ஏற்றி இறக்கினேன். எனக்கு அது அபூர்வம்.

நான் டீச்சர் இல்லை. பெயர் ரதி. கோலா கிளாவாங் போகிற சாலையில், மலைச்சரிவுத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் அலுவலக வேலை. வயதானவர்கள் இன்னும் ‘பள்ளிக்கூடத்துக் கிராணி’ என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்குப் புது லேப்டாப்புகள் வந்தபோது பழையவற்றை ஸ்டோரில் போட்டுப் பூட்டப் பார்த்தார்கள். ஓடுகிற பொருளைப் பூட்டி வைக்கிற புத்தி எனக்கு ஒத்துவராது. சண்டை போட்டு வாங்கி, சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு வகுப்பு ஆரம்பித்தேன். வந்ததும் வராததுமாக டைப் அடிக்கச் சொல்லித்தா என்றார்கள். முதலில் கை மௌஸுக்குப் பழகட்டும் என்று, நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் விளையாடுகிற படம் போடும் புரோகிராமைத் திறந்து வைத்தேன். வட்டம், சதுரம், முக்கோணம், அவற்றில் ஊற்ற வண்ணம். வரைந்த படத்தைத் தொட்டால் அது பெரிதாகும்படி செய்யலாம், மணி அடிக்கும்படி செய்யலாம். அதில் இருப்பது அவ்வளவுதான்.

நீலாவதி அக்கா விளையாட வரவில்லை. அவர் கணவர் அமிர்தலிங்கத்துக்குப் பேச்சு போய்விட்டிருந்தது.

அமிர்தலிங்கம் அண்ணன் எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிற கூட்டத்தை மேய்க்கிற மண்டோர். இந்த மேட்டில் நின்று அவர் கத்தினால் அடுத்த மேட்டில் லாரி ஓட்டுகிறவன் பிரேக் போடுவான். அப்படிப்பட்ட தொண்டை. போன தீபாவளி முடிந்த வாரம், குளித்துவிட்டு வெளியே வந்தவர் குளியலறை வாசலிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கை விளங்கவில்லை. காலில் மட்டும் கொஞ்சம் உயிர் திரும்பி, பிடித்துக்கொண்டு நாலடி நடப்பார். பேச்சு திரும்பவே இல்லை. வாயைத் திறந்தால் ‘ம்மா’ மாதிரி ஒரு சத்தம் வரும், அதுவும் பாதியில் நின்றுவிடும். அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

நீலாவதி அக்கா இந்தத் தோட்டத்தில் பிறந்தவர் இல்லை. சிரம்பான் டவுனை ஒட்டிய தெமியாங்கில் வளர்ந்தவர். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு சிரம்பானில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்த்திருக்கிறார். சேலையைக் கையில் வாங்கிப் பார்த்து, அதற்குப் பொருந்துகிற ஜாக்கெட் துணியை அடுக்கிலிருந்து உருவிக் கொடுக்க வேண்டும். நிறம் அரை மாத்து குறைந்தாலும் வாங்குகிறவர்கள் விடமாட்டார்கள் என்பார். அந்தக் கடைக்குத் தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்தான் அமிர்தலிங்கம். தங்கச்சிக்குச் சேலை எடுத்தார், தனக்குப் பெண்ணும் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்த முதல் மழைக்காலத்தில் அக்கா அழாத நாள் இல்லையாம். அட்டை கடித்தால் அழுகை, விறகு பற்றாவிட்டால் அழுகை. நாத்தனார்கள் ‘பட்டணத்து பொம்மை’ என்று பட்டம் வைத்தார்கள். அந்தப் பொம்மைதான் பிறகு முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு செம்பனை வரிசையில் களைக்கு மருந்து அடித்தது, உதிர்ந்த பழம் பொறுக்கியது, மாமனார் மாமியார் இரண்டு பேரையும் கடைசிவரை பார்த்தது. ஒரே பெண் ஷாமினியைப் படிக்க வைத்து கோலாலம்பூரில் காப்புறுதி கம்பெனி வேலைக்கு அனுப்பியது. பட்டம் வைத்த நாத்தனார்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

சிரம்பானில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு மாதாமாதம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தர்மினி என்ற இளம்பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அடக்கமான பேச்சு. அவள் படம் போட்ட அட்டைகள் கொடுத்து, வேண்டியதைத் தொட்டுக் காட்டச் சொன்னாள். அட்டையில் ரொட்டி இருந்தது, முள்கரண்டி இருந்தது, படுத்துக் குளிக்கிற தொட்டி இருந்தது. அண்ணன் அவற்றைப் பார்த்துவிட்டு, இடது கையால் மேசையிலிருந்து தள்ளிவிட்டார். தர்மினி கோபித்துக்கொள்ளவில்லை. “உங்க வீட்டுல இருக்கிறதையே படமாப் போட்டுப் பாருங்க அம்மா” என்றாள். அதற்குத்தான் அக்கா என் வகுப்புக்கு வந்தார்.

நானே ஒரு லேப்டாப்பை அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பள்ளியில் யாராவது கேட்டால் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லத் தயாராக இருந்தேன், யாரும் கேட்கவில்லை. சில வாரங்களில் அதில் ஒரு படப்பலகை உருவானது. மங்குத் தட்டில் சோறு: நீல விளிம்பு போட்ட ஒரு வட்டம், அதற்குள் வெள்ளை வட்டம். வாளியும் கப்பும். மூன்று முட்டை வடிவத்தை ஒட்ட வைத்து காற்றாடி. கறுப்புச் சதுரத்தில் டிவி. வலிக்கு ஒரு சிவப்பு நட்சத்திரம். தர்மினி சொன்னாள் என்று ஆட்களும் வந்தார்கள். ஷாமினிக்கு ரோஸ் வட்டத்தில் மூக்குக்கண்ணாடி. தனக்கு ஒரு வட்ட முகம், கொண்டை, சிவப்புப் பொட்டு, கீழே பச்சைச் சேலை. தன் படத்தை மட்டும் அவர் எத்தனை தடவை அழித்து வரைந்தார் என்று எனக்குத்தான் தெரியும். “கன்னம் ரொம்ப உப்பிருச்சு டீச்சர்” என்பார். படம் நன்றாகத்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மணி கட்டிக் கொடுத்தேன். மௌஸை அண்ணனின் இடது கைப் பக்கம் மாற்றி வைத்தோம்.

முதல் நாளே அவர் பிடித்துக்கொண்டார். அம்பு படங்களின் மேல் தட்டுத் தடுமாறி நகர்ந்தது, நின்றது. டிங் என்று மணி. திரை முழுக்கப் பால் ஊற்றிய தேத்தண்ணி. நீலாவதி அக்கா கைதட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். நானும் கைதட்டினேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அண்ணன் காலையில் தேத்தண்ணியைத் தொட்டார், பத்து மணிக்குத் தொட்டார், சோறு தின்று கை கழுவியதும் தொட்டார். கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு வாய் குடிப்பார், இல்லாவிட்டால் தள்ளிவிடுவார். அக்கா திரும்பி அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடியும் டிங். அவருக்குச் சீனி வியாதி வேறு. சீனி இல்லாததால்தான் குடிக்கவில்லை என்று ஒரு நாள் போட்டுக் கொடுத்தார். குடிக்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்டார். பாலை மாற்றினார். டம்ளரை மாற்றினார். ஆறிப்போன தேத்தண்ணியை ஊற்றி ஊற்றியே வாழை மரத்தடி பழுப்பாகிவிட்டது என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தே இடுப்பு போயிருந்தது.

சோற்றையும் காற்றாடியையும் அண்ணன் சரியாகத்தான் தொட்டார். ஆனால் அக்கா தன்னைத் தானே வரைந்த படத்தை, அந்தப் பச்சைச் சேலையை, ஒரு தடவைகூடத் தொடவில்லை.

ஷாமினி மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவாள். நல்ல பெண். அம்மா இளைத்துக்கொண்டே போவதை அவளால் பார்க்க முடியவில்லை. கோலாலம்பூரில் அவள் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், இந்த மாதிரி நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்று இருந்தது. அப்பாவை அங்கே விடலாம் என்றாள்.

“அப்பாவுக்கு நம்ம யாருன்னே தெரியலம்மா. சும்மா ஒரு பட்டன அமுக்கிக்கிட்டு இருக்காரு. நீங்க இங்க இடுப்ப ஒடிச்சுக்கிட்டு யாருக்குப் பாக்குறீங்க, சொல்லுங்க.”

“அவருக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்? உங்க படத்தத் தொட்டிருக்காரா?”

அக்கா சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன். “சரி. அடுத்த வாட்டி தர்மினிகிட்ட கூட்டிட்டுப் போவோம். அந்தப் புள்ள கேக்கட்டும். என்னைத் தெரியுதுன்னா அவரு இங்கதான், எங்கூடதான். தெரியலேன்னா நீ சொல்ற எடத்துல நானே கொண்டாந்து விடுறேன்.”

எனக்கும் ஷாமினி சொல்வதுதான் நியாயமாகப் பட்டது. வாழ்நாளில் பாதியை அடுத்தவர் இருமலுக்கும் மூத்திரத்துக்கும் கொடுத்த ஒரு பெண் மிச்சத்தையாவது தூங்கிக் கழிக்கட்டுமே என்று நினைத்தேன்.

சிரம்பானுக்கு நானும் கூடப் போனேன், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு. தர்மினி படப்பலகையை ரசித்துப் பார்த்தாள். “இதெல்லாம் நீங்களா அம்மா போட்டீங்க?” என்று கேட்டாள். பிறகு அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்து, சோறு எது என்றாள். தொட்டார். காற்றாடி எது என்றாள். தொட்டார். ஷாமினியைக் காட்டி, “இவங்க யாரு?” என்றாள். அம்பு தடுமாறிக்கொண்டே போய் ரோஸ் வட்டத்தின் மூக்குக்கண்ணாடியில் நின்றது. டிங். ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். அப்பாவுக்குத் தன்னைத் தெரியாது என்று அத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“ரொம்ப நல்லது ஐயா. இவங்க யாரு?” தர்மினி நீலாவதி அக்காவைக் காட்டினாள்.

அக்கா அன்றைக்குப் பச்சைச் சேலையே கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெரிதாகப் பொட்டும் வைத்திருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும். அண்ணன் மனைவியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு மௌஸை நகர்த்தினார். டிங். தேத்தண்ணி.

“தேத்தண்ணி அப்புறம் குடிக்கலாம் ஐயா. இவங்க யாருன்னு காட்டுங்க.”

டிங். தேத்தண்ணி.

மூன்றாவது தடவையும் அதேதான். அண்ணனுக்கு முகம் சிவந்து, அந்த அரைச் சத்தம் தொண்டையில் வந்து நின்றது. தர்மினி நிறுத்திக்கொண்டாள். “ஒரு நாள வச்சு முடிவு பண்ண வேணாம் அம்மா. களைப்பா இருந்தாலும் இப்படி ஆகும்” என்று நல்லவிதமாகத்தான் சொன்னாள். அக்கா தலையாட்டினார். மகளைத் தெரிகிறது, கட்டிக்கொண்டவளைத் தெரியவில்லை. கார் மலைப்பாதை ஏறி இறங்கி வீடு வந்து சேர்ந்தது. இறங்கும்போது அக்கா சொன்னார், “வர்ற ஞாயித்துக்கெழமையே கொண்டு போயிரலாம் ஷாமினி.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனேன். லேப்டாப்பை இல்லத்துக்கே கொடுத்துவிடலாம், சார்ஜர் எப்படிச் சொருகுவது என்று ஷாமினிக்குக் காட்டலாம் என்று. அண்ணன் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வெளியூர் போகிற சட்டை போட்டிருந்தார்கள். முன்னால் சின்ன மேசையில் படப்பலகை. அக்கா தரையில் உட்கார்ந்து அவர் கைலிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஷாமினி மருந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

டிங்.

அக்கா திரும்பிப் பார்க்காமல் அடுத்த கைலியை எடுத்தார்.

டிங். டிங்.

“இப்பத்தானே குடுத்தேன்.”

டிங்.

கையிலிருந்த கைலியைத் தூக்கிச் சுவரில் அடித்தார் நீலாவதி அக்கா. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“போதும்! எனக்கு வாழ்க்க முழுக்க இதே ரோதனதான். கடையில இருந்தப்ப நாள் பூரா நீலா, நீலான்னு கூப்புடுவாங்க. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்புட்டிருப்பீங்களா? காட்டுலேருந்து வந்து வாசல்ல நின்னாலும் தேத்தண்ணி. தூங்கி எந்திரிச்சாலும் தேத்தண்ணி. புள்ளப் பெத்து ஆஸ்பத்திரியில கெடந்தேன், கதவாண்ட வந்து நின்னுக்கிட்டு தேத்தண்ணிங்கிறீங்க, நர்ஸெல்லாம் சிரிக்குது. இந்த வீட்டுல எனக்கு வேற பேரே இல்ல. தேத்தண்ணிதானே எம்பேரு, தேத்தண்ணி...”

திறந்த வாயோடு பாதியில் நிறுத்திவிட்டார்.

எங்கள் பக்கத்துப் பழைய தலைமுறை ஆண்கள் பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வீடு நிறைய அப்பா அம்மா தங்கச்சிகள் இருக்கும்போது பெயரைச் சொல்ல நாக்கு கூசும். ‘இந்தா’ என்பார்கள், ‘ஏ புள்ள’ என்பார்கள். சிலர் இருமுவார்கள். மலைக்கு மலை கேட்கும்படி கத்துகிற இந்த மனுஷன் ஒரு தேத்தண்ணியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

“தேத்தண்ணிதானே எம்பேரு” என்று அக்கா மெதுவாக இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை அவர் கோபமாகச் சொல்லவில்லை.

“என்னம்மா?” ஷாமினிக்குப் புரியவில்லை.

கண்ணால் பார்க்காமல் எதையும் நம்புகிற ஆள் நான் இல்லை. அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி கலக்கினேன். பாலும் ஊற்றினேன், அந்த ஒரு நாள் போகட்டும் என்று ஒரு கரண்டி சீனியும் போட்டேன். கொண்டுவந்து அண்ணன் கையருகில் வைத்தேன். புறங்கையால் தள்ளினார், மேசையெல்லாம் ஊற்றியது. மௌஸைப் பிடித்தார். டிங்.

நீலாவதி அக்கா எழுந்து போய்க் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் ஒன்றும் இல்லை. அண்ணன் மௌஸை விட்டுவிட்டார்.

“நான் யாருங்க?” என்று கேட்டார் அக்கா. தர்மினி கேட்டது மாதிரி கேட்கவில்லை, பயந்துகொண்டே கேட்டார்.

அவர் மறுபடி மௌஸைத் தேடிப் பிடித்தார். அம்பு பச்சைச் சேலையைத் தாண்டி, ரோஸ் வட்டத்தைத் தாண்டி, நேராகப் போனது. டிங். திரை முழுக்கப் பால் ஊற்றிய தேத்தண்ணி.

அக்கா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் விளங்குகிற கையால் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஷாமினி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

“நல்லா இருந்தப்பகூட எப்பக் குடுத்தாலும் பாதிய வச்சிருவாரு” என்றார் அக்கா, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு. “என்னைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு ஒரு வாய் குடிப்பாரு, அப்பறம் டம்ளர கையிலயே வச்சுக்கிட்டு இருப்பாரு. சீனி பத்தலையோன்னு நான் கூடக் கூடப் போடுவேன்.”

“அண்ணனுக்குச் சீனி வியாதி வந்ததே அதுனாலதான்” என்றேன் நான். அந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு மூன்று பேர் சத்தமாகச் சிரித்தோம். நாலாவது ஆள் பாதி வாயால் சிரித்தார்.

ஷாமினி போய் மருந்துகளை எடுத்த இடத்திலேயே திரும்ப அடுக்கினாள். அப்பாவைத் தூக்கி உட்கார வைக்க அரை நாளுக்கு ஓர் ஆளைப் போடலாம், அந்தச் செலவு என்னுடையது என்று மட்டும் சொன்னாள். அக்கா சரி என்றார். அது எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் அன்பு இருந்தால் மட்டும் இடுப்பு வலி போய்விடாது.

அன்றைக்கு நான் அங்கேயே சாப்பிட்டேன். அக்கா அடுப்படியில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அவர் நகரவில்லை. “இங்கதாங்க இருக்கேன்” என்று சத்தமாகச் சொன்னார். மணி நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. “இங்கதான்” என்றார். நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அக்கா வகுப்புக்கு வந்தார். அரை நாள் ஆளாகப் பஞ்சாலை என்ற பெண் வீட்டில் இருந்தாள். மற்றவர்கள் இன்னும் வீட்டுக்குச் சூரியன் வைத்துக்கொண்டிருந்தார்கள், நானும் திருத்தித் திருத்தி அலுத்துப்போயிருந்தேன். அக்கா தன் பச்சைச் சேலைப் படத்தைத் திறந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அழித்தார்.

“ஏன்க்கா, அழகாத்தானே இருந்துச்சு?”

“இருக்கட்டும் டீச்சர். அந்தத் தேத்தண்ணி இனிமே நான்தான். எனக்கு எதுக்கு ரெண்டு படம்? ஆனா நெசமாவே அவருக்குத் தேத்தண்ணி வேணும்னா பாவம், எதத் தொடுவாரு?”

காலியான அந்த இடத்தில் புதிதாக ஒன்றை வரைந்தார். நீலக் கோப்பை, அதற்கு ஒரு காது, அடியில் சாஸர், மேலே ஆவிக்கு மூன்று வளைந்த கோடு. உள்ளே ஊற்ற வேண்டிய நிறத்தை இந்தத் தடவை ஒரே இழுப்பில் பிடித்துவிட்டார். அவர் வரைந்ததிலேயே திருத்தமான படம் அதுதான். அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோய், கோப்பையில் உண்மையான தேத்தண்ணியை ஊற்றி அண்ணனுக்குக் காட்டி, இதற்கு இது என்று விளக்கியும் வைத்தார். அண்ணனுக்குப் புரிந்தது, தலையாட்டினார்.

மாதங்கள் ஆகிவிட்டன. சோறு கேட்கிறார், காற்றாடி கேட்கிறார், ஷாமினி எப்போது வருவாள் என்று கேட்கிறார். நீலக் கோப்பையை மட்டும் இன்றுவரை ஒரு தடவைகூட அவர் தொடவில்லை.